ஒரு கிழமை ஓட்டத்தை ஞாயிறு ஒரே நாளில் ஓடியவன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கொட்டாஞ்சேனையில் மூட்டை சுமந்து, பிறகு மூட்டை விற்று, இன்று அதே தெருவில் பருப்புக்கும் வெங்காயத்துக்கும் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது வெள்ளவத்தையில், கடல் தெரிகிற மாடியில். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய மனிதன் ஊசியைக் கண்டால் மயங்கி விழுவான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. பல வருடங்களாக டொக்டரை ஏமாற்றி வந்தேன். சோதனைக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் இரத்தம் கொடுப்பேன்; அதற்கு முதல் இரண்டு நாளும் வயிற்றைக் காயப்போடுவேன். ரிப்போர்ட் நல்லபிள்ளையாக வரும். அந்த டொக்டர் ஓய்வு பெற்றதும் அவர் இடத்துக்கு என் மகள் வயதில் ஒருவர் வந்தார். அவர் எழுதித் தந்தது வேறு சோதனை. முடிவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது நேற்றுச் சாப்பிட்டதைக் காட்டாது. மூண்டு மாசத்தையும் சேர்த்துக் காட்டும். உங்கட இதயம் நல்லா இருக்கு. தினமும் இருபது நிமிஷம், நடந்து நடந்து கொஞ்சம் ஓடுங்கோ. மூண்டு மாசத்தில இறங்காட்டி ஊசிதான்."

"எத்தினை ஊசி டொக்டர்?"

"ஒவ்வொரு நாளும்."

வீட்டுக்கு வருகிற வழியிலேயே ஓடுவதற்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சோடி சப்பாத்து வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே பெரிய விலை. பிறகு என் மொத்த வியாபார மூளை வேலை செய்தது. தினமும் இருபது நிமிடம் என்பது சில்லறை வேலை. ஏழு நாள் ஓட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இறக்கிவிட்டால், மற்ற ஆறு நாளும் கடையைப் பார்க்கலாம்.

மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப ஏழு நாள் சாப்பாட்டையும் ஞாயிறே சாப்பிட்டு முடிப்பியளோ?" என்றாள்.

"உமக்கு வியாபாரம் விளங்காது."

முதல் ஞாயிறு கடலோரமாகக் கல்கிசை வரை ஓடினேன். ஓடினேன் என்று எழுதினாலும் பாதித் தூரம் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். திரும்பி வர ஓட்டோவை மறித்தேன். ஓட்டோக்காரன் என் முகத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கா என்று சிங்களத்தில் கேட்டான். அதுவும் "சீயே" என்று தாத்தா முறை வைத்து. அதுவரை என்னை அண்ணன் முறை வைத்து "அய்யே" என்று கூப்பிடாத ஓட்டோக்காரனை நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை கடையில் கல்கிசைக் கதையைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அது போகவர ஓடியதாக வளர்ந்தது. எல்லாவற்றையும் கதிரையில் இருந்தபடியே சொன்னேன். எழும்பினால் தொடை இரண்டும் அழுதன. பக்கத்துக் கடைக்காரர் என் கூட்டாளி. அவருக்கு எல்லாம் விளங்கும்.

"முதலாளி, ஓடினது சரி. எழும்பி ஒருக்கா அந்தத் தராசடிக்கு வாங்கோவன், பாப்பம்."

மூன்று மாதமும் இப்படித்தான். ஞாயிறு ஓட்டம், ஓடிய களைப்புக்கு மத்தியானம் ஆட்டிறைச்சிப் புரியாணி, பின்னேரம் இனிப்புக்கு வட்டிலப்பம், திங்கள் தொடக்கம் தொடைக்கு எண்ணெய்ப் பூச்சு. இரண்டாம் ஞாயிறு தண்ணீர்ப் போத்தல் பிடிக்க வந்த மனைவிக்குக் கடற்காற்று பிடித்துவிட்டது. அவள் தினமும் விடிய எழும்பிப் போனாள். மூன்று விளக்குக் கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை, இப்படி மாறி மாறி இருபது நிமிடம். அதை ஓட்டமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட அதைவிட வேகம்.

மூன்று மாதம் முடிந்து முடிவு வந்தது. முந்தியதைவிடக் கூடியிருந்தது.

"ஐயா, ஓடினீங்களா?"

"ஞாயிறு ஞாயிறு கல்கிசை மட்டும் டொக்டர்!"

"மற்ற நாள்?"

"மற்ற நாள் கட்டில்ல," என்றாள் கூட வந்த மனைவி.

டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து, பேனை மாதிரி ஒன்றை வெளியே எடுத்தார். குத்திக்கொள்வது எப்படி என்று காட்டத்தான். மூடியைக் கழற்றினார். கதிரைக் கையை இறுகப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது மனைவி ரிப்போர்ட் மட்டையால் எனக்கு விசிறிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மூண்டு மாசம் தாங்கோ டொக்டர். இவரை நான் கூட்டிக்கொண்டு போறன்."

"இதுதான் கடைசி," என்றார் டொக்டர்.

மறுநாள் விடிய அவளுக்குப் பின்னால் ஓடினேன். மூன்று கம்பம் முடிந்ததும் எனக்கு இன்னும் உசார் இருந்தது. நான்காவதுக்குப் பாய்ந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுங்கோ. நாளைக்கும் ஓடோணும். அதுக்கு இண்டைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ."

முப்பது வருடம் மொத்த வியாபாரம் செய்த எனக்கு இது விளங்கவில்லை. ஆனால் ஊசியின் முனை கண்ணுக்குள் நின்றது. நடந்தேன். கல்கிசைக்கு ஓடிய கால் வெள்ளவத்தை விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு நடந்தது. மழை பெய்தால் மாடிவீட்டின் கீழே கார் நிறுத்துமிடத்தைச் சுற்றினோம். காவல்காரர் முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாளும் சிரித்தார், பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பெரிய இடி. சிரிப்பதற்குக்கூட ஆள் இல்லை. புரியாணியும் தானாகக் குறைந்தது. மூன்று கம்பம் ஓடிவிட்டு அதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த முடிவு வந்தது. ஒரேயடியாக இறங்கவில்லை, ஊசி வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு இறங்கியிருந்தது. டொக்டர் லாச்சியைத் திறக்கவேயில்லை. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"எப்பிடி இறக்கினியள்?" என்று கூட்டாளி கேட்டார்.

"தினமும் ஓடினனான்."

"எவ்வளவு தூரம்?"

"மூண்டு லைட் போஸ்ட்."

"ஓ," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். கல்கிசைக் கதையை ஒரு கிழமை கேட்ட மனிதர் இதை ஒரு நிமிடம் கேட்கவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். நேற்று ஓடியதைத்தான் இன்றும் ஓடினேன். இதை வைத்து ஒரு மனிதன் எப்படிப் பெருமையடிப்பது?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? மூன்று மாதத்தில் ஒரு நாளும் விடவில்லை என்று இந்தக் கதையில் எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"நாலு நாள் விட்டனீங்கள். அதில ஒரு நாள் காலில முள்ளெண்டு பொய் சொன்னனீங்கள். அதையும் எழுதுங்கோ," என்றாள்.

எழுதிவிட்டேன். முள் இல்லை. நித்திரை.