ஆள் வந்தால் உட்கார ஒரு நாற்காலி

சர்க்கரை நோயால் என் கணவரின் வலது பாதத்தை எடுத்த பிறகு, வீட்டில் எனக்குப் பெரிய எதிரி சாப்பாட்டு மேசையடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிதான். அவர் மேசையை ஊன்றி எழுந்தால் அது பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை ஆளையே கீழே தள்ளிவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று இவருக்குப் பிடிவாதம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய குரோம் நாற்காலி பூச்சட்டியைச் சுமந்துகொண்டு நின்றது. மாமியார் காலத்தில் தோட்டத்து லய வீட்டிலிருந்து இந்தப் பத்தாங் காலி வீட்டுக்கு லோரியில் வந்தது. வளைந்த இரும்புக் குழாய்க் கால்கள், நல்ல கனம். லேசில் நகராது.

ரவாங் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, அலுமினியத் தாளைக் கசக்கி வினிகரில் தோய்த்துத் துருவைத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. திருகாணிகள் மண்ணெண்ணெய் குடித்தும் அசையவில்லை. நாலு கெட்ட வார்த்தை திட்டிய பிறகுதான் இளகின. கிழிந்த இருக்கையைப் பிரித்துப் புது ஸ்பாஞ்சு வைத்து, சிவப்பு ரெக்சினை இழுத்து அடித்தேன். கால்களுக்குப் புது ரப்பர் மூடி போட்டேன். குரோமில் அரித்துப்போன புள்ளிகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் தடவிப் பார்த்தார். “புதுசாட்டம் இருக்கு. ஹால்ல போடு லா, ஆளு வந்தா உக்காரட்டும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீடுகளில் இப்படித்தான். நல்ல தட்டு, நல்ல போர்வை எல்லாம் வராத ஆளுக்கு. சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் ஹாலில் போட்டேன். அவர் பிளாஸ்டிக்கிலேயே உட்கார்ந்தார். நான் வேளாவேளைக்கு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலியைப் பிடித்த கை ஓய்ந்துபோய், வாயை விட்டுவிட்டேன். “என்னாங்க, யாரு வரப் போறா? கால எடுத்ததுலேருந்து ஒங்க தம்பிகூட வாசப்படி மிதிக்கல.”

அவர் முகம் தொங்கிப்போனது. தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். ஹால் பக்கம் கையைக் காட்டி, “அதக் கொண்டா,” என்றார்.

கொண்டுவந்து மேசையடியில் போட்டேன். மெல்ல மாறி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“இனிமே யாரும் வர வேணாம். நீ உக்காரு மொதல்ல.”

உட்கார்ந்தேன். அவர் பாதத்தை எடுத்த பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டது அன்றுதான்.