சின்ன சார்ஜர்

எங்கள் வீட்டு பேட்டரி வண்டிக்கு எந்த சார்ஜர் வைப்பது என்று முடிவு செய்தது நான். மகனும் பேட்டரி கடைக்காரரும் ஒன்றைச் சொன்னார்கள், நான் இன்னொன்றைச் சொன்னேன். என் பேச்சுதான் நின்றது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன்.

அது கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற வண்டியாம். அந்த விளையாட்டு எங்களுக்கு எங்கே தெரியும். ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில், வயதானவர்களைக் கேட்டிலிருந்து மேடைவரை கொண்டுபோய் விட வைத்திருந்தார்கள். மண்டபம் கைமாறியபோது, தறிக் கொட்டகைக்குப் பட்டு மூட்டை ஏற்றலாம் என்று என் மகன் வாங்கி வந்தான். நாலு பேர் உட்காரலாம். கதவும் இல்லை, சத்தமும் இல்லை. காலுக்கு இரண்டு மிதி, போக ஒன்று, நிற்க ஒன்று. தறி மிதித்த காலுக்கு இது ஒரு பெரிய காரியமா? மூன்றாம் நாள் நானே ஓட்டினேன்.

நான் ஓட்டிக்கொண்டு போனது ஒரே இடத்துக்குத்தான். ஏரிக்கு அந்தப் பக்கம், என் ஓரகத்தி இருக்கிற வீட்டுக்கு.

ஓரகத்தி என்றால் கொழுந்தனார் மனைவி. நான் பெரிய மருமகள், அவள் சின்னவள். நான் தறியில் உட்கார்ந்தால் அவள் எனக்குப் பின்னால் ராட்டையில் தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சிதான் தார். என் நாடாவில் நூல் தீரப்போவது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். நான் கையைப் பின்னால் நீட்டினால் அடுத்த தார் கையில் இருக்கும். திரும்பிப் பார்த்ததே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் அப்படி. ஒருமுறை ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழுக்காகச் சண்டை போட்டுப் பதினோரு நாள் பேசாமல் இருந்தோம். அந்தப் பதினோரு நாளும் தார் மட்டும் நேரத்துக்கு வந்தது.

கொழுந்தனார் காலமான பிறகு அவளுடைய மகள் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். டிரங்குப் பெட்டியைத் தூக்கும்போது சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள். இரு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். நான் கேட்டு ஒருத்தி இருக்கவேண்டுமா என்று என் மனசு அன்றைக்கு நிமிர்ந்து நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள், மொச்சை உரிக்கும்போது முறத்துக்காகக் கையைப் பின்னால் நீட்டியிருக்கிறேன். வெறும் கைதான் திரும்பி வரும்.

போனில் பேசுவோம். "சாப்ட்டியாடி?" என்பேன். "சாப்ட்டேன்க்கா, நீ?" என்பாள். "ஆச்சிடி." அதற்குமேல் இரண்டு பேரும் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம்.

வண்டி வந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை போனேன். காரணமில்லாமல் இன்னொரு வீட்டில் போய் உட்காருகிற பழக்கம் எனக்கு இல்லை. ஊறுகாய் என்று போவேன், இல்லை என்றால் முருங்கைக்காய். கொடுத்ததும் எழுந்துவிடுவேன். அவளும் "அதுக்குள்ளயா?" என்று கேட்டதில்லை. கேட்கட்டும் என்று நான் இருந்தேன்.

அந்தப் போக்குவரத்தையும் நானே கெடுத்துக்கொண்டேன். பழைய சார்ஜர் எங்கள் வீட்டுச் சுவரில் பொருத்திய பெரிய இரும்புப் பெட்டி. தினம் ராத்திரி அதில் வண்டியைப் போட வேண்டும் என்று மகன் சொன்னான்.

"இருக்கறத தீர்க்காம மேல ஏத்துவாங்களாடா?" என்று கேட்டேன்.

தறியில் அதுதான் முறை. பாதித் தாரை எடுத்துவிட்டு வேறு தார் போட்டால் மீந்த பட்டு வீண். என் மாமியார் குச்சிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு முழம் நூல் ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு இரண்டு பேருக்கும் பாட்டு விழும். அதே கணக்காக, மீட்டரில் கடைசி விளக்கு அணைகிறவரை ஓட்டிவிட்டுத்தான் வண்டியைச் சார்ஜில் போட்டேன். ஐந்து மாதம்.

ஒரு நாள் திரும்பி வரும்போது ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. செங்கல் ஏற்றி வந்த டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்தார். நான் இறங்கவில்லை. எங்கள் தெரு முனையில் ஒருத்தி, "இன்னா பெரிம்மா, தேரு கெளம்பிடுச்சா?" என்றாள். சாமி மாதிரியே நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "இன்னாம்மா, இத்தப் பட்டினி போட்டுகினே இருந்தீங்களா?"

தார் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அது நூலும்மா. இது வயிறு. பாதிப் பசிலயே சோறு போட்டுடணும்." ஒரு வாரம் வைத்திருந்து தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஏற்றி, தேற்றிக் கொடுத்தார். "முன்ன மாதிரி ஓடாது. ஏரிக்கு அந்தாண்ட போவும். திரும்பி வராது."

"பைக்ல நானே இட்டுகினு போறேன் விடும்மா" என்றான் மகன். ஒருமுறை போனேன். அவன் கேட்டருகே நின்றான், இஞ்சினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் ஒரு காபிகூட இறங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் போகவே இல்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. போனில் சும்மா இருக்கிற நேரம் மட்டும் நீண்டது.

வண்டிக்குள்ளேயே சீட்டுக்கு அடியில் வைக்கிற சார்ஜர் ஒன்று உண்டு, போகிற இடத்தில் பிளக் இருந்தால் போதும் என்று கடைக்காரர்தான் சொல்லி அனுப்பினார். மகனோடு போனேன். மேஜைமேல் இரண்டு பெட்டிகள் வைத்தார். எண் எனக்கு நன்றாகப் படிக்க வரும். ஒன்றில் இருபத்தைந்து, இன்னொன்றில் பத்து.

"பெர்சு ஜல்தியா ஏத்திடும்மா. மூணு மணி நேரத்துல கெளம்பிடலாம்."

"சின்னது?"

"அது ஆமை. எட்டு மணி நேரம் ஆவும்."

"பெர்சே போடுங்க" என்றான் மகன். "அங்க போயி அவ்ளோ நேரம் எதுக்கு பேஜாரு?"

நான் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்தேன். "இத்த சின்ன பிளக்ல சொருவலாமா?"

"சொருவலாம். பெர்சுக்குப் பெரிய பிளக் வேணும்."

"அவங்க வூட்ல பெரிய பிளக்ல பிரிட்ஜ் இருக்குது. சரி, ஒடம்பு தேறாத பேட்டரிக்கு மெதுவா ஏத்தறது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதாம்மா" என்றார், மகனைப் பார்த்துக்கொண்டே.

"ஒயர் சொருவியிருக்கும்போது வண்டிய யார்னா எடுக்க முடியுமா?"

"முடியாது. சொருவியிருந்தா நகராது. யாரு வந்தாலும்."

"அப்போ இதான்" என்றேன்.

சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் என் மனசில் இருந்தது அந்த எட்டு மணி நேரம். சார்ஜ் ஏறவேண்டும் என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அது வெட்டியாக உட்காருவது ஆகாது. அது ஒரு வேலை. யாரையும் இரு என்று சொல்ல வேண்டாம், இருக்கட்டுமா என்று கேட்கவும் வேண்டாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே சின்னவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் மகள் வேலைக்குப் போயிருந்தாள். சின்னவள் வெளியே வந்து என் வெறும் கையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கி ஊறுகா இல்லியா?"

"வண்டிக்கு கரண்டு வேணும். பிளக் எங்க?"

ஜன்னல் வழியாக ஒயரை வாங்கி அவளே சொருகினாள். சீட்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "எவ்ளோ நேரம் ஆவும்?"

"எட்டு மணி நேரம்."

அவள் உள்ளே போனாள். அரிசிப் பானையில் ஆழாக்கு முட்டுகிற சத்தம் கேட்டது, ஒன்று, பிறகு இன்னொன்று.

சாப்பிட்டோம். அந்தப் பழைய சிமிழ் யாருடையது என்று மறுபடியும் கொஞ்சம் சண்டை போட்டோம். சாயங்காலத்துக்கு மொச்சை உரித்தோம். நான் கையை நீட்டினேன், முறம் வந்தது.

நாலு மணிக்கு எழுந்து வண்டியைப் பார்த்தேன். விளக்கே எரியவில்லை. இருட்டினால் ஏரிக்கரையில் நான் ஓட்டமாட்டேன் என்பது சின்னவளுக்குத் தெரியும். உள்ளே வந்து சுவரைப் பார்த்தேன். பிளக் சொருகினபடி இருந்தது. சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள்.

"கரண்டு போச்சிக்கா" என்றாள், மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்போ?"

"சோறு துன்னு முடிச்சதும்."

தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"வரும்போது வரட்டும்" என்று சொல்லி, முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.