நாலாம் எண்ணில் இருந்த பட்டியல்

மாமா சொல்வதில் பாதியை அம்மா நம்பமாட்டாள். மீதியைக் காதிலேயே வாங்கமாட்டாள். இத்தனைக்கும் அவர் அவளுடைய சொந்தத் தம்பி. ஆனாலும் நான் ஆறாவது படித்த வருஷம், எங்கள் குடும்பம் முழுவதும் அவருடைய ஒரு பேச்சை நம்பி பஸ் ஏற வேண்டியதாயிற்று.

அப்பா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பழைய ஆட்களை முதலில் நிரந்தர வேலைக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு வந்து, வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் அவர்கள் பதிவேட்டில் பெயர் ஏறும். ஏறினால் என்றைக்காவது ஒருநாள் பர்மனென்ட். அப்பாவின் பழைய கேட் பாஸ்களோ புயல் மழையில் ஊறிக் கூழாகியிருந்தன. அந்தக் காலத்து கான்ட்ராக்டர் தொழிலை விட்டுவிட்டுப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். "லிஸ்ட் இருந்தா கொண்டாப்பா, கையெழுத்துப் போடறேன். முந்நூறு பேரு மூஞ்சி எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த லிஸ்ட் தன்னிடம் இருக்கிறது என்றார் மாமா. அவர்தான் அந்த கான்ட்ராக்டரின் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே கருநீல நிறத்தில், டிபன் டப்பா அளவில் ஒரு கருவி. அதன் பெயர் ஜிப் டிரைவ் என்றார். அதற்குள் போடுகிற தட்டு ஒன்றும் இருந்தது. பார்க்க ஃபிளாப்பி மாதிரி, ஆனால் தடியாக. ஆபீஸை மூடியபோது யாரும் கேட்கவில்லையென்று கொண்டுவந்தாராம்.

"பத்து வருஷமா கரப்பான்பூச்சி குடித்தனம் பண்ணிகினு இருந்த பொட்டி. இதுலயா பேரு இருக்கும்?" என்றாள் அம்மா.

"உள்ள போனது அப்படியே இருக்கும்க்கா. மூளை மாதிரி."

"யாரு மூளை, உன் மூளை மாதிரியா?"

பிளஸ் டூ படித்த அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி இருந்தது. அதில் இரண்டு சிஸ்டம். எல்லோருக்கும் தெரிந்தது, தோழிகளின் பென் டிரைவ்கள் வழியே வந்த வைரஸில் படுத்துவிட்டது. மிச்சமிருந்தது லினக்ஸ். பள்ளிக்கூடத்தில் அதை யாரும் தொட்டதில்லை.

ஜிப் டிரைவுக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். எங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் அப்போது கரண்ட் விருந்தாளி போல வந்து போய்க்கொண்டிருந்தது. ஆகவே அந்தக் கரண்ட் தயாராகிற ஊருக்கே, டவுன்ஷிப்பில் இருந்த அத்தையின் குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினோம். அத்தையின் கணவர் பர்மனென்ட். அவர்கள் வீட்டு ஃபேன் நின்று நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் மாமா டிரைவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "புள்ளைக்கு எத்தினி மாசம்?" என்று கண்டக்டர் கேட்டார். அப்பா சிரித்தார், அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அத்தை வீட்டுக் கூடத்தில் ஒயர்களை மாட்டித் தட்டை உள்ளே தள்ளியதும் டிரைவ் 'விர்ர்' என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. அக்கா தன் தோழியின் அண்ணனுக்கு போன் போட்டாள். அவர் இன்ஜினியரிங் படித்தவர். எழுத்தெழுத்தாகச் சொன்னார், கறுப்புத் திரையில் அக்கா அப்படியே தட்டினாள்.

"கடைசி வரியில எஸ்டிபின்னு வருதா? அப்ப எஸ்டிபி ஒண்ணுன்னு போட்டு மவுன்ட் பண்ணும்மா."

எஸ்டிபி என்பது கம்ப்யூட்டர் அந்த டிரைவுக்கு வைத்த பெயராம், மவுன்ட் என்றால் அதைத் திறப்பதாம். அப்படி ஒன்று இல்லை என்றது திரை. மூன்று தடவை தட்டியும் அதே பதில். "தட்டு செத்திருக்கும்மா," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

மாமா கருவியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல வுடு மாப்ள," என்றார் அப்பா. சொல்லிவிட்டு, வேர்க்காத முகத்தைத் துண்டால் துடைத்தார்.

நான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எஸ்டிபிக்குப் பின்னால் நாலு என்று போட்டிருந்ததை முதலிலேயே பார்த்துவிட்டேன். பெரியவர்கள் நடுவில் வாய் திறக்கிற பிள்ளை நான் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான். அக்காவின் முழங்கையை இடித்து, விரலால் காட்டினேன்.

"அட, நாலுன்னு போட்டிருக்கு!" என்றாள் அக்கா.

"ஒண்ணு ரெண்டு மூணு இல்லாம நாலு மட்டும் எங்கேர்ந்து வரும்? மெஷினுக்கு எண்ணத் தெரியல," என்றார் மாமா.

"டவுன்ஷிப்புல பிளாக் நம்பருங்க மட்டும் வரிசையாவா இருக்கு? போட்டுப் பாரும்மா," என்றார் அப்பா.

அந்தத் தட்டுகளில் தகவலுக்கான இடத்தைக் கம்பெனியிலேயே நாலாம் எண்ணில்தான் வைத்து அனுப்புவார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. அக்கா ஒன்றை நாலாக மாற்றினாள். திரை சும்மா இருந்தது.

"ஒண்ணுமே சொல்லலியே?"

"சொல்லாம இருந்தா வேலை முடிஞ்சிதுன்னு அர்த்தமாம் மாமா. அந்த அண்ணன் சொன்னாரு."

"நல்ல பழக்கமா இருக்கே. நீயும் கத்துக்கடா," என்று மாமாவுக்குச் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

லிஸ்ட் இருந்தது. மாதம் மாதமாக, மாமா ஆங்கிலத்தில் அடித்து வைத்த பெயர்கள். முதல் மாதத்திலேயே அப்பா. மாமா அவரைக் கட்டிப்பிடித்து அரை சுற்றுச் சுற்றியதில் ஒயர் காலில் மாட்டி, டிரைவ் விழப் பார்த்தது. அத்தை கேசரி கிளறப் போனார். "யாரு மூளை? இப்ப சொல்லு, யாரு மூளை?" என்று மாமா சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

அம்மா ஈரக்கையோடு வந்து அக்காவின் பின்னால் நின்றாள். "கீழ போ. இன்னும் கீழ. மரக்கன்னு நடற செட்டுன்னு ஒண்ணு இருக்கும் பாரு," என்றாள்.

இருந்தது. பதினோராவது வரியில் அம்மாவின் பெயர்.

"நீயும் மைன்ஸ்ல வேலை செஞ்சியாம்மா?" என்றேன்.

"சுரங்கத்துல தோண்டிக் கொட்டின மண்ணு மேட்டுல கன்னு நட்டேன்."

அக்கா மாதங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள். பிறகு ஒரு மாதத்தில் அந்த வரியில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர். அதற்கப்புறமும் வேறு யாரோதான். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். கை காய்ந்துவிட்டது; அப்போதும் முந்தானையில் துடைத்தாள்.

"பிரின்ட் எடுக்கறப்ப இந்தப் பக்கம் வேணாம். உங்க அப்பா பேரு இருக்கறது மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டு, கேசரிக்கு முந்திரி உடைக்கப் போய்விட்டாள்.

கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை அப்பாவின் பெயர் ஏறியது. மாமா முத்தாண்டிக்குப்பம் முழுக்க அந்தத் தட்டைக் காட்டினார்.

நான் மட்டும், லிஸ்ட் கிடைத்த அன்றைக்கு, அத்தை வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணினேன். அம்மாவின் பெயர் கடைசியாக இருந்த மாதத்திலிருந்து மூன்றாவது மாதம் நான் பிறந்திருந்தேன்; எனக்காகத்தான் அவளுடைய வரி வேறொருத்திக்குப் போயிருந்தது. யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தேன் என்று சமையலறைக்கு ஓடி, அதை அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.