காரை அறுக்கப் பூக்கட்டிய கதை

எங்கள் வீட்டில் ஒருவர் தனியாக ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை. நிலம் வாங்கலாமா, அத்தைக்கு இந்த வரனைப் பேசலாமா, எதுவானாலும் பூக்கட்டிப் பார்த்துவிடுவார்கள். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து, வீட்டிலேயே சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பின்னால் காரியம் கெட்டுப்போனால் பிள்ளையையும் திட்ட முடியாது, சாமியையும் திட்ட முடியாது. அப்படி ஒரு வசதி. நான் மூன்றாவது படித்த வருஷம், தாத்தாவின் காரை அறுப்பதா வேண்டாமா என்பதற்கும் பூக்கட்டினார்கள். எடுத்தது நான்தான்.

அந்தக் காரை, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் தாத்தா வாங்கியிருந்தார். கறுப்பு நிறம். முன் சக்கரங்களுக்கு மேல் யானைக் காது மாதிரி அகலமான இரண்டு மட்கார்டு. ரப்பர் பந்தை அமுக்கினால் கத்துகிற ஹாரன். செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் மல்லாட்டை மண்டிக்குப் பின்னால் இருந்த கிடங்கில், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே அதற்கென்று ஓர் இடம் உண்டு. தாத்தா போன பிறகு அப்பா அதைப் பார்த்துக்கொண்டார்; அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியில் எண்ணெய் தொட்டு அங்குலம் அங்குலமாகத் துடைப்பார். பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு சங்கராபரணி ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போவார்கள்.

பொழுது சாய்ந்தால் வண்டியை எடுக்க மாட்டார். நாங்கள் சமணர்கள், ஊரில் நயினார் என்பார்கள், இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு. இருட்டில் கார் விளக்கைப் போட்டால் பூச்சிகள் வந்து மோதிச் சாகும் என்று நைனாவுக்குப் பயம். அத்தனை வருஷம் ஆகியும் அந்த விளக்குகள் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன.

அப்போதுதான் நைனாவின் தம்பி, என் சித்தப்பா, மெட்ராசில் படிப்பை முடித்துவிட்டு வந்தார். காலில் ஷூ, கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் ஒரு படத்தை எல்லாருக்கும் காட்டினார். எங்கள் கார் மாதிரியேதான் இருந்தது. ஆனால் மட்கார்டு இல்லை, கூரை இல்லை, முன்னால் மூடியும் இல்லை. இன்ஜின் வெட்கமில்லாமல் வெளியே தெரிந்தது.

"இதுக்குப் பேரு ஹாட் ராடுண்ணா. அமெரிக்காவுல பழைய காரை இப்படித்தான் மாத்திடறாங்க. நம்ம வண்டிய அறுத்துட்டு, ஏலத்துல வர்ற ஜீப் இன்ஜினைப் போட்டா திண்டிவனத்துக்கு அரை மணியில போயிடலாம்."

"திண்டிவனத்துல அவ்ளோ அவசரமா இன்னா வேலை இருக்குது?" என்று அம்மா கேட்டாள்.

நைனா, "யோசிக்கலாம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது அதுதான்.

சித்தப்பாவுக்கு இது விளையாட்டு இல்லை. கிடங்கிலேயே ஒரு பட்டறை போட வேண்டும், அந்தக் கார்தான் முதல் வேலை, அதைப் பார்த்துவிட்டு மெட்ராசிலிருந்து ஆட்கள் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். இல்லாவிட்டால் பம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கார் அறுபட்டால் சித்தப்பா இருப்பார், அறுபடாவிட்டால் போய்விடுவார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அந்தக் காரும் வேண்டும், சித்தப்பாவும் வேண்டும். ராஜகிரிக் கோட்டைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினவர் அவர். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், அதற்காக அம்மாவிடம் இருவரும் சேர்ந்து திட்டு வாங்கினோம். ஹாரனை நினைத்தால் அறுக்க வேண்டாம் என்று இருக்கும். விசிலை நினைத்தால் அறுத்துவிடட்டும் என்று இருக்கும்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் பாய் வந்தார். அறுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சாக்பீசால் கோடு போட்டார். "இந்த மாதிரி தகடு இனிமே வராது நயினாரே. அறுக்கச் சொன்னா அறுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நைனா காரைத் துடைத்தார். கோடு இருந்த இடம் வந்ததும் துணியைத் தூக்கிக்கொண்டு, கோடு அழியாமல் சுற்றிலும் மட்டும் துடைத்தார். சித்தப்பா கிடங்கு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், உள்ளே வரவில்லை.

அதிலிருந்து எல்லாம் தலைகீழானது. "அறுக்க எத்தினி நாளாவும்?" என்று பாயிடம் நைனா விசாரித்தார். சித்தப்பாவோ, "இந்த மட்கார்டு கூட நல்லாத்தான் இருக்குது, இல்ல பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். யார் அறுக்கச் சொல்கிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாமல் போனது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால், ஒருவர் "யோசிக்கலாம்" என்பார், மற்றவர் "அண்ணா சொல்றதுதான்" என்பார்.

"நீங்க யோசிச்சி முடிக்கறதுக்குள்ள எனக்கு தலை நரைச்சிடும். பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றாள் அம்மா. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கார் அப்படியே இருக்கட்டும், செவ்வரளி வந்தால் அறுத்துவிடலாம். எப்போதும் அம்மாதான் பொட்டலம் கட்டுவாள். அன்றைக்கு, "நாளைக்கு எம்மேல பழி வரக் கூடாது. அவங்கவங்க பூவ அவங்கவங்களே கட்டிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டாள். நந்தியாவட்டை நைனாவுக்கு, அரளி சித்தப்பாவுக்கு.

இரண்டு செடியும் கிணற்றடியில்தான் இருந்தன. ஒருவர் போய் வந்த பிறகு இன்னொருவர் போனார். வாழையிலைத் துண்டில் சுற்றி, வாழைநாரால் கட்டிக் கொண்டுவந்தார்கள். அம்மா இரண்டையும் பித்தளைத் தட்டில் போட்டுக் குலுக்கினாள். "கண்ண மூடிக்கினு ஒண்ண எடு" என்றாள்.

நான் கண்ணை முழுசாக மூடவில்லை. இமைக்கு அடியில் பார்த்தேன். ஒரு பொட்டலத்தில் நார் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. மண்டியில் விலை பேச வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கடலை சாம்பிள் பொட்டலத்தை நைனா அப்படித்தான் கட்டுவார். இன்னொன்றில் இரண்டு காது வைத்த முடிச்சு. எங்கள் வீட்டில் ஷூ போடுகிறவர் ஒருவர்தான். சாமி முன்னால் செய்கிற திருட்டு என்று தெரிந்தும், காது வைத்த பொட்டலத்தையே எடுத்தேன். ஹாரன் போனால் போகட்டும், சித்தப்பா இருப்பார்.

அம்மா பிரித்தாள். உள்ளே வெள்ளையாக நந்தியாவட்டை இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வருத்தப்பட வேண்டிய சித்தப்பா, "அவ்ளோதான், சாமியே சொல்லிடுச்சி" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். சுற்றின சுற்றில் எனக்கு இன்னும் கொஞ்சம் தலை சுற்றியது.

மத்தியானம் யாரும் இல்லாதபோது, தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். நாலு சுற்றையும் அவிழ்த்துப் பார்த்தால் செவ்வரளி. எங்கள் சாமி யாரையும் தண்டிப்பதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார் என்றுதான் கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்காக மட்டும் வழக்கத்தை மாற்றிப் பூவையும் மாற்றிவிட்டார் என்று நம்பினேன். என் திருட்டால்தான் சித்தப்பா போகிறார் என்று அந்த வாரம் முழுக்க அழுதேன். காய்ச்சல் என்று அம்மா கஷாயம் கொடுத்தாள்.

சித்தப்பா கிளம்பின சாயங்காலம், நைனா அந்தக் காரிலேயே அவரைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். நைனா கீழே நின்று, பஸ் கூரைமேல் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவனிடம், "இன்னொரு சுத்து சுத்துப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சித்தப்பாவின் ஜன்னலுக்குப் போனேன்.

"சித்தப்பா, நான் கண்ணத் தொறந்து பாத்துட்டுதான் எடுத்தேன். நீ போவக் கூடாதுன்னு உன் ஷூ முடிச்சத்தான் எடுத்தேன். சாமி பூவ மாத்திடுச்சி."

அவர் முதலில் சிரித்தார். பிறகு மெதுவாக, "நைனா கட்டுனத யாராவது பிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"நான் பிரிச்சேன்."

"அதுல இன்னா இருந்துது?"

"அரளி. செவப்பு."

சித்தப்பா நைனாவைப் பார்த்தார். இறங்கப் போகிறவர் மாதிரி எழுந்தார். நடுவில் ஆட்கள் நெருக்கி நின்றார்கள், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். மறுபடி உட்கார்ந்து, "நைனாகிட்ட சொல்லாத பாப்பா" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். செவப்புதானே, இதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு இருந்தது. தம்பி இருக்கட்டும் என்று அண்ணன் சிவப்பைக் கட்டினார், அண்ணனுடைய கார் இருக்கட்டும் என்று தம்பி வெள்ளையைக் கட்டினார் என்பதெல்லாம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. நைனா கட்டின பொட்டலத்தை நான் எடுத்திருந்தால் சித்தப்பா ஊரிலேயே இருந்திருப்பார். அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பஸ் போன பிறகு நைனா காரை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. பாலத்துப் பக்கம் ஓட்டினார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் பாதை தெரியாமல் போகவே, கையை நீட்டி விளக்கைப் போட்டார். அந்த விளக்கு எரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் வந்து கண்ணாடியில் மோத ஆரம்பித்தன.

"நைனா, பூச்சி சாவுது" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. நேரே பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார். இருட்டிவிட்டதே, இனிமேல் வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு கிடைக்காதே என்றுதான் அப்போது எனக்குக் கவலையாக இருந்தது.