சம்பந்தி கேட்ட காத்து

கம்பவுண்டர் வேலை என்றால் கால்வாசி மருந்து கலக்குவது. முக்கால்வாசி, நாலு பேர் எதிரில் கேட்கக்கூடாததைக் கேட்பது. வயிற்றைக் கீறித் தைத்துக்கொண்டு படுத்தவர்கள் உங்களில் இருந்தால் நான் சொல்வது புரியும். காத்து பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. அதனால் தினம் காலையில் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்பேன்: "காத்து பிரிஞ்சுதா?"

முதல் நாளே

சமஸ்தான ஆட்சி போய் நாலைந்து வருஷம் இருக்கும், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் கட்டிலில் கீரனூர்ப் பக்கத்து ஆள், ஆபரேஷன் முடிந்து மறுநாள். கேட்டேன். ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார்:

"எங்கிட்டுங்க வரும்? ஜன்னலைத்தான் சாத்திப்புட்டீங்களே!"

கருப்பையாவின் மரியாதை

மழை பொய்த்துக் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்த வருஷம். குடல் முறுக்கிக்கொண்ட கருப்பையாவைத் திருமயம் பக்கத்திலிருந்து தூக்கி வந்தார்கள். கீறித் தைத்து மூணு நாள் ஆகியும் காத்து பிரியவில்லை. வயிறு மத்தளமாக நிற்கிறது. "சாயங்காலத்துக்குள்ள பிரியலேன்னா மறுபடி கீறணும். இந்த உடம்பு தாங்காது" என்றார் டாக்டர். கருப்பையாவின் சம்சாரம் அழகம்மை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பயம்தான்.

கட்டிலை ஒட்டி ஸ்டூலில் அறந்தாங்கிச் சம்பந்தி. கருப்பையாவின் மகளை இவர் மகனுக்குத்தான் கட்டியிருந்தது. மூணு நாளாக இடத்தை விட்டு அசையாத மனுஷன். நான் குனிந்து கேட்டதும் கருப்பையா காதோடு சொன்னார்:

"வரத்தாங்க பாக்குது. பொண்ணைக் குடுத்த எடம். சம்பந்தி மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க?"

சம்பந்தியின் வேண்டுதல்

அடப்பாவி! உயிரா, மரியாதையா? காரணத்தைச் சொன்னால் கருப்பையா மானம் போகும். "ஒரு காப்பி சாப்பிட்டு வாங்களேன்" என்றேன் சம்பந்தியிடம். "அவரு தண்ணிகூடக் குடிக்காமக் கெடக்கையில எனக்கென்னங்க காப்பி?" என்றார். மணி நாலு. டாக்டர் கத்தியைக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டார். சம்பந்திக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, கையைத் தூக்கிக் கும்பிட்டு, வார்டே கேட்கக் கத்தினார்: "பெருமாளே! மழையத்தான் குடுக்கலே. எஞ்சம்பந்திக்கு ஒரு காத்தையாவது குடுய்யா!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அழகம்மை அழுதுகொண்டே சிரித்தாள். கருப்பையா தையலைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் சம்பந்தி, வேணாம்" என்று குலுங்கினார். குலுங்கின குலுக்கலில் பிரிந்துவிட்டது. லேசாக இல்லை, மூணு நாள் சேர்த்து வைத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் டாக்டரிடம் ஓடத் திரும்பினேன். பின்னாலே சம்பந்தியின் குரல், வெகு பணிவாக:

"சம்பந்தி, இனி எனக்கும் உத்தரவுதானே? நானும் மூணு நாளா அடக்கிக்கிட்டுல்ல ஒக்காந்திருக்கேன்!"

சிரிப்பைப் போல மருந்து கிடையாது என்பது என் சர்வீஸில் கண்ட உண்மை. கொஞ்சம் தள்ளி நின்று கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.