அம்மா நோட்டில் எழுதிவைத்த இரண்டு ஃபைல்கள்

சென்னையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி ஒன்றையும் பிரிண்டர் ஒன்றையும் விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தபோது எனக்குப் பத்து வயது. தெருவுக்குப் பின்னால் வரிசையாகப் பீங்கான் பட்டறைகள். ஜன்னலைத் திறந்தால் வெள்ளைத் தூசி வந்து படியும். அம்மா பழைய புடவையைக் கிழித்துக் கணினிக்கு ஓர் உறை தைத்தாள்.

மாமா எல்லாவற்றையும் பூட்டி முடித்து, திரையில் இரண்டு ஃபைல்களைத் திறந்து காட்டினார்.

“இந்த ரெண்டும்தான்க்கா இதுக்கு உசுரு. ஸ்விட்சப் போட்டதும் இதப் படிச்சுட்டுத்தான் எழுந்திரிக்கும். இதுல கை வெச்சா அவ்ளோதான்.”

பிறகு அவற்றை ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் மோர்சாதத்துக்கு வருவதற்குள் அம்மா என் பழைய கட்டுரை நோட்டை எடுத்துவந்து, திரையில் இருந்த வரிகளைப் புள்ளி விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அதான் ஃப்ளாப்பியில இருக்குதே, இத எதுக்குக்கா எழுதற?”

“இருக்கட்டும்டா.”

அம்மா கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாக எந்த விசையையும் தொட்டதில்லை. வீட்டில் கணினி இருப்பதைக் கேள்விப்பட்ட பொம்மைப் பட்டறைக்காரர் ஒருவர், சென்னைக் கடைக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா, “செய்யேன்” என்றார். ஒரு வாரம், நான் பள்ளியில் இருக்கும்போது, மதியச் சமையல் முடிந்ததும் உட்கார்ந்து அடித்தாள். பிள்ளையார், குதிரை, தவழும் கிருஷ்ணன், ஒவ்வொன்றுக்கும் உயரம், நிறம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பட்டியல் போயாக வேண்டும். பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி.

அன்று மாலை அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். என்னிடம் ஒரு கார் விளையாட்டு இருந்தது. மெமரி போதவில்லை என்று ஓட மறுத்தது. கான்ஃபிக் டாட் சிஸ் என்ற ஃபைலில் சில வரிகளை எடுத்துவிட்டால் ஓடும் என்று வகுப்புத் தோழி சொல்லியிருந்தாள். எந்தச் சில வரிகள் என்று அவளுக்கும் தெரியாது. நான் தாராளமாக எல்லாவற்றையும் எடுத்தேன். மாமா காட்டிய இன்னொரு ஃபைலையும் விட்டுவைக்கவில்லை. அணைத்துப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு ‘C’ எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு சிறு கோடும் மட்டும் கண்சிமிட்டின.

அம்மா வந்ததும், “தானா போயிடுச்சும்மா” என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டாள். கர்கர் என்று சத்தம் மட்டும் வந்தது. ஒரு மழைக்காலம் அலமாரியில் கிடந்ததில் உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, தெருக்கோடி எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள்.

“ஞாயித்துக்கெழம வரேன்க்கா” என்றார் மாமா.

“நாளைக்குக் காலையில பஸ்ஸுல போவணும்டா.”

“அந்த வரியெல்லாம் எனக்கே ஞாபகம் இல்லியே.”

“எங்கிட்ட இருக்குதுடா. நோட்டுல.”

மாமா குரலில் கேலியே இல்லாமல், என்ன அடிக்க வேண்டும், கடைசியில் எந்த விசையைத் தட்ட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். “ஆனா எண்டர் தட்டிட்டா திரும்பிப் போய்த் திருத்த முடியாதுக்கா. ஒவ்வொரு வரியும் ஒரே தடவதான்.”

“டைப்ரைட்டர்ல மட்டும் முடியுமா?” என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பட்டியலை வாங்கிப்போகப் பொம்மைப் பட்டறை ஆள் வாசலில் நின்றிருந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நோட்டை வலது பக்கம் சாய்த்து வைத்தாள். கண் நோட்டில், விரல் விசைப்பலகையில். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அப்படி ஒருவர் அடிப்பதை நான் அதுவரை கண்டதில்லை. இரண்டு ஃபைல்களும் முடிந்தன. அணைத்துப் போட்டாள். மூன்றாவது வரியில் தவறு என்று வந்தது.

அம்மா நோட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். டைப்ரைட்டரில் சாய்கோடு ஒரு பக்கம்தான் சாயும். இங்கே அது இரண்டு பக்கமும் சாய்ந்தது. மற்ற வரிகளில் கவனமாக இருந்த விரல், அந்த ஓர் இடத்தில் பழைய பழக்கத்துக்குப் போயிருந்தது.

“இது அந்தப் பக்கம் சாயுதுடி” என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டு, அந்த ஃபைலை முதல் வரியிலிருந்து மறுபடி அடித்தாள். இந்த முறை எல்லாம் எழுந்து வந்தது. பட்டியல் அதனதன் இடத்தில் இருந்தது. பிரிண்டர் கீச்சிட்டபடி தாள்களைத் தள்ளியது. பட்டறை ஆள் வாங்கிப் பார்த்து, “அச்சாபீஸுலகூட இப்பிடி வராதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று நான் ஒரு நிறுவனத்தில் கணினிகளுக்கு பேக்கப் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த வரிகளில் ஒன்றுக்காவது பொருள் தெரியுமா என்று அம்மாவிடம் போன வாரம் போனில் கேட்டேன். “எனக்கு என்னாடி தெரியும்? பாத்தத எழுதினேன்” என்றாள்.

ஆள் போன பிறகும் அம்மா அன்று எழுந்திருக்கவில்லை. அடுப்பில் உலை வைக்கவில்லை, விளக்கு போடவில்லை. பத்து விரல்களையும் விசைகள்மேல் வைத்து, ஒன்றையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். என்னை என்ன செய்வதென்று யோசிக்கிறாள் என்றே நினைத்தேன். பயம் தாங்காமல் அருகில் போய், “நான்தாம்மா அழிச்சேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள். கையை எடுக்கவில்லை.

அவள் ஏன் என்னை அடிக்கவில்லை என்று மட்டுமே அன்று இரவு முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.