கோட்டுப் பையில் இருந்த இரண்டு கண்ணிகள்

செய்யாத திருட்டை ஒரு பெண்ணின் மேல் சுமத்தி அவள் வேலையைப் பறித்தேன். அவள் திருடவில்லை என்று தெரிந்த பிறகும் பதினான்கு மாதங்கள் வாயைத் திறக்கவில்லை. முதலாவதை மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா கட்டிய வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு பெரிய தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்து தலைமை அதிகாரியாக ஓய்வு பெற்றேன். நான் வராந்தாவில் நடந்து வந்தால் எழுந்து நின்றவர்கள், ஓய்வு பெற்ற மறுமாதமே என் போனை எடுக்கவில்லை. கைக்கடிகாரம் சேர்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

கடிகாரங்கள் மேல் ஆசை என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் அந்தக் கடையின் மேல்தான் ஆசை. வெளிநாட்டுக் கம்பெனி நகரின் நடுவில் தன் பெயரிலேயே வைத்திருந்த பெரிய ஷோரூம் அது. கதவைத் திறக்கும் காவலர் என் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார். உள்ளே சத்தமே இருக்காது. எதிலும் விலைச்சீட்டு கிடையாது. காபியில் எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மெத்தென்ற தட்டில் கடிகாரத்தை வைத்து, கையுறை போட்ட விரல்களால் என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, நான் வாய் திறக்கும்வரை காத்திருப்பார்கள். என் வாயைப் பார்த்துக் காத்திருக்க வேறு யாரும் அப்போது இல்லை.

அங்கே நினைத்ததை நினைத்த அன்று வாங்க முடியாது. காத்திருப்போர் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியல் என்பார்களே தவிர, அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது மேனேஜரின் மனதுக்குள் இருந்தது. கேட்டால், "பார்க்கலாம் சார்" என்பார். நீல முகப்புள்ள ஒரு கடிகாரத்துக்காக நான் மூன்று வருடம் அந்தப் 'பார்க்கலாம்' கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்தவனாக இருக்க வேண்டும் என்பதற்காகவே எனக்குத் தேவையில்லாத கடிகாரங்களை இடையில் வாங்கினேன்.

அப்படி வாங்கியதில் ஒன்று தங்கச் செயின் போட்ட கடிகாரம். அதை எனக்குக் காட்டியவள் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வந்துபோன இருபத்தைந்து வயதுப் பெண். மேனேஜர் முன்னால் இங்கிலீஷ். அவர் உள்ளே போனால் என்னிடம் தமிழ்.

"எங்கப்பா மைன்ஸ்ல இருந்தவரு சார். வாழ்நாள் பூரா தங்கம் தோண்டுனாரு. எங்க வூட்ல ஒரு மூக்குத்தி கெடையாது" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செயின் என் கைக்குப் பெரிதாக இருந்ததால் இரண்டு கண்ணிகளைக் கழற்றினார்கள். கடிகாரம் சேகரிப்பவர்கள் கழற்றிய கண்ணிகளை உயிரைப்போல வைத்துக்கொள்வார்கள். பெட்டி, உத்தரவாத அட்டை, கண்ணிகள் எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் 'ஃபுல் செட்'. ஒன்று குறைந்தாலும் இன்னொரு சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். அவள் இரண்டையும் சின்ன வெல்வெட் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். பெட்டியை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மழை வரும்போல இருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று அவளை விரட்டினேன். பையைக் கோட்டின் உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இதெல்லாம் இப்போது ஞாபகம் இருக்கிறது. தேவைப்பட்டபோது இல்லை.

எட்டு மாதம் கழித்து, அந்தக் கடிகாரத்தைக் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்ள சென்னை நண்பர் ஒருவரிடம் பேசினேன். "லிங்க் எல்லாம் இருக்குல்ல?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். இல்லை. நேரே ஷோரூமுக்குப் போனேன்.

"உங்க கைலதான் சார் குடுத்தேன். நீங்க கோட்டுக்குள்ள வெச்சீங்க" என்றாள் அவள்.

"நான் எப்பவும் பெட்டியிலதான் வைப்பேன்."

மேனேஜர் பழைய தாள்களை எடுத்தார். நான் கையெழுத்துப் போட்ட தாளில், கண்ணிகளைப் பெற்றுக்கொண்டதற்கான கட்டம் காலியாக இருந்தது. என் அவசரத்தில் அவள் குறிக்க மறந்திருந்தாள். கேமராப் பதிவு அத்தனை நாளைக்கு இருக்காதாம். அவள் மட்டும் சொன்னதையே சொன்னாள். ஒரு கடைப் பெண் என்னை மறதிக்காரக் கிழவன் ஆக்குகிறாள் என்று எனக்குக் கோபம் ஏறியது.

"தங்கவயல்காரங்களுக்குத் தங்கத்தைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?" என்றேன்.

மேனேஜர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் கையுறையைக் கழற்றினாள்.

"தெனமும் பையைத் தொறந்து காட்டிட்டுத்தான் சார் நாங்க வூட்டுக்குப் போறோம்" என்றாள்.

அடுத்த வாரம் மேனேஜர் போன் செய்தார். "அந்தப் பொண்ணு இப்ப இல்ல சார். புது லிங்க் வரவழைக்கிறோம். அப்புறம் ஒரு குட் நியூஸ். நீங்க கேட்ட ப்ளூ டயல் வந்திருக்கு. ஃபர்ஸ்ட் உங்களுக்குத்தான்." அன்று மத்தியானமே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, என் மனைவி கோட்டுகளைச் சலவைக்குப் போட எடுத்தவள், வெல்வெட் பையைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஷோரூமில் சொன்னதை வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொல்றேன்."

"இன்னிக்கே."

"சரிங்கிறேன்ல?"

போகவில்லை. பொய்ப் புகார் கொடுத்த வாடிக்கையாளருக்கு அந்தக் கதவு முன்போலத் திறக்குமா என்று பயந்தேன். அப்போது என்னிடம் அந்தக் கடிகாரத்துக்கு நான்கு உபரிக் கண்ணிகள் இருந்தன. கடை கொடுத்த புதியவை இரண்டு, கோட்டில் கிடைத்தவை இரண்டு. பூட்டி வைத்தேன். மனைவி ஒரு வாரம் கேட்டாள். பிறகு விட்டுவிட்டாள். ஒரு ஞாயிறு சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது என் கையில் இருந்த நீலக் கடிகாரத்தைப் பார்த்து, "நல்லாருக்கு. அந்தப் பொண்ணு குடுத்தது" என்றாள்.

மறு வருடம் ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இதைக் கடைசிப் பாவமாக, வேகமாகச் சொன்னேன். ஃபாதர் இளைஞர். "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவள் சட்டையில் பெயர் குத்தியிருக்கும். இரண்டு வருடம் அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், படித்ததில்லை. "முதல்ல பேரைக் கேளுங்க. அப்புறம் அவங்ககிட்டயே போய்ச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் பழைய கண்ணிகளையும் நீலக் கடிகாரத்தையும் மேனேஜரின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அய்யோ சார், இதுக்கா இவ்ளோ தூரம்? ஃபைல் எப்பவோ க்ளோஸ். யாராவது இந்த வாட்ச்சைத் திருப்புவாங்களா? வெளில தெரிஞ்சா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க" என்றார். கண்ணிகளையும் என் பக்கமே தள்ளினார். அந்தப் பெண்ணை மறுபடி எடுத்துக்கொள்ள முடியாதாம். பெயரை மட்டும் சொன்னார். நான் கிளம்பும்போது, அடுத்த மாதம் வரப்போகும் ஒரு கடிகாரத்தின் படத்தைக் காட்டினார். என் நேர்மை அவருக்குப் பிடித்திருந்தது.

தங்கவயலுக்கு ரயிலில் போனேன். சுரங்கக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் பெயரைச் சொல்லி விசாரித்தேன். "வாட்ச் கடைக்குப் போச்சே, அந்தப் பொண்ணா?" என்று ஒரு சந்துப் பக்கம் கை காட்டினார்கள். சொன்ன விதத்திலேயே கடையில் நடந்தது இங்கேயும் வந்து சேர்ந்திருப்பது தெரிந்தது.

அவள் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் வயதுக்குச் சற்றுக் குறைவு. ரயிலில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களை மெல்லச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சத்தமா சொல்லுங்க சார். கீழ குண்டு வெச்சு வெச்சுக் காது பூடுச்சு."

வேறு வழியில்லை. அந்தச் சந்தில் நின்று கத்தினேன். "உங்க பொண்ணு திருடல. தங்கம் என் கோட்டுலதான் இருந்துச்சு. நான்தான் பொய்யாப் பழி போட்டேன்."

குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "கேட்டியா? நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்றாள். "நீ எங்கடி சொன்ன? நாந்தான் சொன்னேன்" என்றாள் மற்றவள்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா கேட்ல தடவிப் பாத்துத்தான் சார் அனுப்புவான். மைன்ஸ் மூடற வரைக்கும் தெனம். நான் ஒரு நாளும் கோவப்படல. அன்னிக்கு அவ அழுதுக்கினே வந்தா. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அவ பையை வாங்கி, தரையில கொட்டிப் பாத்தேன். நானே பாத்தேன் சார். மறுநாள் போனவதான். இந்த வாசப்படி மிதிக்கல."

வெல்வெட் பையை எடுத்து நீட்டினேன். அதைவிடப் பெரிய மடத்தனம் இல்லை. "உள்ள வைங்க சார் அத. இப்பதான் ஊரு வாய் மூடிக்கீது" என்றார்.

தன் போனை அவள் எடுக்க மாட்டாள் என்று எண்ணை மட்டும் சொன்னார். என் போனிலிருந்து கூப்பிட்டேன். யார் என்று சொல்லி, கண்ணிகள் கிடைத்ததைச் சொன்னேன்.

"எப்ப கெடச்சுது?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா" என்றேன்.

"அப்போ நான் உங்க ஊர்லயே ஈஜிபுராவுல ரூம் எடுத்து பேக்கிங் வேலைக்குப் போய்க்கினு இருந்தேன் சார். நாள் பூரா நின்னுக்கினே. நல்ல கடை எதுலயும் எடுக்கல."

"மன்னிச்சுடும்மா."

"அது இருக்கட்டும். எழுதிக் குடுங்க. எப்ப கெடச்சுதுங்கறதையும் எழுதுங்க. கையெழுத்துப் போட்டு."

"சரிம்மா. அப்பா இங்கதான் இருக்கார். பேசறியா?"

"வேணாம் சார்."

எழுதிக் கொடுத்தேன். ஒரு தேதியையும் மறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஹைதராபாத்திலிருந்து ஒரு நகைக் கம்பெனி அதிகாரி பேசினார். கடிதம் என்னுடையதுதானா என்று விசாரித்துவிட்டு, அவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எனக்கு அந்தக் கடையில் இருந்த மரியாதை போய்விடும் என்று பயந்தேன், அதனால்தான் என்றேன். வேலை அவளுக்குக் கிடைத்தது. ஈஜிபுரா அறையைக் காலி செய்துவிட்டு அந்த ஊருக்கே போய்விட்டாள்.

என்னால் ஆனது அவ்வளவுதான். ஷோரூம் பக்கம் நான் போவதில்லை. மேனேஜர் இன்னும் படங்கள் அனுப்புகிறார்.

அவள் அப்பா மட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். அவருக்குக் காது கேட்காது என்பதால் நான் தோட்டத்துக்குப் போய்க் கத்திப் பேசுவேன். ஒரு நாள் சொன்னார்: "நீங்க வர்றதுக்கு முந்தி, ஒருவேள அவ எடுத்திருந்தாலும் எடுத்திருப்பான்னு மனசுக்குள்ள ஒரு ஓரமா வெச்சிருந்தேன் சார். அத வெச்சுத்தான் தூங்குனேன். இப்ப அதுவும் இல்ல. இன்னா சொல்லி அவள வூட்டுக்குக் கூப்பிடறது?" அவருடைய மகளுக்கு என்னை மன்னிக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவரை அவள் மன்னிக்கவில்லையே என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது. மகளின் பையை அவர் வாங்கிக் கொட்டிப் பார்க்க வைத்தவன் நான்.

போன ஞாயிறும் கூப்பிட்டார்.

"உங்களுக்காச்சும் போன் பண்ணாளா சார்?"

"இல்லீங்க."

கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கேட்டார். இன்னும் சத்தமாக, இல்லை என்று சொன்னேன்.